அணித் தேர்வு (தோட்டக் காற்பந்து)

போட்டியில் இறங்குவோரைத் தெரிந்தெடுக்கும் முறை. இளம் ஆட்டக்காரரின் தன்னம்பிக்கையை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் முதலாக மலேசியாவின் கேமரன் மலையில் எழுந்த தேயிலைத் தோட்டங்களில், சமநிலம் அரிதாகவும், மழை அடிக்கடி பெய்வதாகவும், உதைத்த பந்து சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் மறைவது இயல்பாகவும் உள்ள சூழலில் பழகிய இளைஞன், தேர்வுக்கெனச் சமவெளித் திடலில் முதன்முறை நிற்கும்போது சோதனைக்குள்ளாவது அவன் கால்வலிமையன்று, மனோதிடமே. ஒரு பிழைக்கே நீக்கப்படுவோம் என்று அஞ்சுபவன், துணிந்து முன்னேற வேண்டிய தருணத்திலும் பந்தைப் பின்னுக்கே தள்ளுகிறான். அந்தப் பயத்தைத் தேர்வாளர் திறமைக்குறைவென்று கணிப்பது பெரும் அநீதி. இத்தனை ஆட்டங்கள் உனக்குண்டு என்று முன்னரே வாக்களிப்பதுதான் தக்க பரிகாரம்.

பிழையின் சுமை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும். களத்தில் 18 பேர் ஆடும் ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் ஒருவனுடைய தடுமாற்றத்தைப் பலர் பகிர்ந்து தாங்கலாம். 11 பேர் ஆட்டத்தில், விசேஷமாகக் கோல்காவலருக்கு, அந்த ஆதரவு இல்லை. அத்தனிமையில் பல்லாண்டு நிலைத்து நின்ற மலேசியத் தமிழர், ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர் போற்றிய சிலாங்கூர் வீரர் ஆர். ஆறுமுகம் (1953–1988). 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் அவரே. அவ்விழாவை மலேசியா புறக்கணித்தமையால் அணி அங்குச் செல்லவில்லை.