வெளிக்குப் போய் எத்தனை நாள்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டி முடித்த முதல் அடுக்குமாடி வீடுகள் எங்கள் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஸ்டெர்லிங் சாலை, புளோக் 45, 48, 49, ஆண்டு 1960. அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது அவர்களில் பலர் குவீன்ஸ்டவுனுக்குத்தான் வந்தார்கள். நாங்களும் அந்தக் காலத்தில் வந்தவர்களே, ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து. புது வீட்டில் என் அம்மாவை அசத்தியது மின்விளக்கும் இல்லை, லிஃப்டும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கதவு சாத்திக்கொள்ளும் கழிப்பறையும், சங்கிலியை இழுத்தால் மேலேயிருந்து தடதடவென்று கொட்டும் தண்ணீரும்தான்.

நான் ஓய்வுபெற்ற தாதி. இங்கே பழைய ஆட்கள் இன்னும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குவீன்ஸ்டவுனின் கதையை பிரிட்டிஷ் அரசி முடிசூடிய 1953லிருந்து ஆரம்பித்து, 1970ல் லீ குவான் இயூ திறந்துவைத்த நூலகம் வரைக்கும் ஒழுங்காகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் குடலின் பக்கமிருந்து சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

லண்டனிலிருந்து வந்த பேராசிரியர் சிம்சன், சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி 1907ல் ஓர் அறிக்கை கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகள், வெளிச்சமில்லாத அறைகள், மலவாளியை முன்வாசல் வழியாகத் தூக்கிப்போகும் நிலைமை, எல்லாம் அதில் வந்தன. வீடுகளுக்குப் பின்னால் சந்து திறக்கச் சொன்னார். லிட்டில் இந்தியாவில் இன்று சுவரோவியம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் நுழையும் பின்சந்துகள் பல, வாளி எடுக்க வசதியாக வந்தவை. வாளிகளை ஏற்றிப்போக, பக்கவாட்டில் வரிசையாகச் சின்னக் கதவுகள் வைத்த லாரி வரும். அது வரும் நேரம் தெருவுக்கே தெரியும், மூக்கு இருந்தால் போதும். கடைசி வாளி ஒழிந்தது 1987ல். குவீன்ஸ்டவுனில் நாங்கள் சங்கிலி இழுக்க ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் கழித்து!

வாளிக் காலத்தை ஏங்கி நினைக்கிற ஆள் நானில்லை. குவார்ட்டர்ஸ் ஜாம்பான், அதாவது கழிப்பறை, பத்துக் குடும்பத்துக்குப் பொது. பெண்கள் இருட்டும்வரை அடக்குவார்கள். இருட்டிய பிறகு பாம்புக்குப் பயந்து விடியும்வரை அடக்குவார்கள். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். மலவாசலின் மேலறை விரிந்து விரிந்து, நிரம்பியிருப்பதையே உணராமல் போகும். பிறகு முக்கினாலும் வராது. பாட்டிமார் இதைக் "கட்டிப்போச்சு" என்பார்கள். வார்டில் நாங்கள் "இம்பாக்‌ஷன்" என்போம்.

அதற்குப் பாட்டிமாரிடம் இருந்த ஆயுதம் விளக்கெண்ணெய். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்க வேண்டும் என்பது தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி. என் பாட்டி தேரையரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் கணக்கு தப்பாது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிராங்கூன் ரோட்டுக் கடையிலிருந்து எண்ணெய் வந்துவிடும். விடியற்காலை, வெறும் வயிறு, மூக்கைப் பிடித்து ஒரு கரண்டி, மேலே சூடான கறுப்புக் காப்பி. மதியம் வரை ஓட்டம். பிறகு இஞ்சி போட்ட ரசமும் குழைந்த சோறும். ஆமணக்கெண்ணெய் சிறுகுடலில் போய் உடைந்து, அதன் அமிலம் குடலைப் பிசைந்தெடுக்கிறது என்று பின்னாளில் படித்தேன். ஆரோக்கியமான பிள்ளைக்கு இது தேவையே இல்லை. தாதியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் யார், எப்போது, எப்படி வெளிக்குப் போனார்கள் என்பது ஒரு பெரிய மனுஷிக்குத் தெரிந்திருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த ஊரில் மலம் கட்டிப்போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. குவீன்ஸ்டவுனுக்குத் தெற்கே பாசிர் பாஞ்சாங் மேட்டில் புக்கிட் சாண்டு இருக்கிறது. சாண்டு என்றால் பதப்படுத்திய அபின். மேட்டின் அடிவாரத்தில் அபின் அடைத்த தொழிற்சாலை அரசாங்கத்தினுடையது. 1910லிருந்து அபின் காய்ச்சுவதும் விற்பதும் காலனி அரசின் ஏகபோகம். தடை வந்தது போருக்குப் பிறகுதான். அபின் குடலைத் தூங்க வைக்கும். எழுபதுகளில் நான் பயிற்சித் தாதியாக இருந்தபோது, இளமையில் மூட்டை தூக்கி, முதுகுவலிக்கு அபின் புகைத்துப் பழகிய சீனக் கிழவர்கள் வார்டில் இருந்தார்கள். வயிறு முரசு மாதிரி இருக்கும். ஆனால் புகார் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள்தான் கேட்க வேண்டும். காலை ரவுண்டில் கட்டில் கட்டிலாகப் போய் மலாயில் "சூடா பேராக்?", ஹொக்கியனில் "பாங் சாய்?", நம்மவர்களிடம் "ஐயா, வெளிக்குப் போனீங்களா?" பதிலை அட்டவணையில் எழுத வேண்டும். மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டர் பேனாவால் தட்டுவார். அப்புறம் எனிமா. வெள்ளை எனாமல் கேன், சிவப்பு ரப்பர் குழாய், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பிரசவ வார்டுகளில் வலியோடு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது கட்டாயமாக இருந்தது. தேக்காவுக்கு அருகே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தன, உலக சாதனை. அந்தக் காலத்தில் பிரசவ வார்டுகளில் காய்ச்சிய சோப்புத் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். பிறகு ஆராய்ச்சிகள் வந்தன: பிரசவத்தில் எனிமாவால் பலனில்லை, சோப்பு குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். இரண்டும் கைவிடப்பட்டன.

எனிமாவுக்கும் அசையாதது விரலுக்குத்தான் அசையும். இதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம்கூட இருக்காது, ஆனால் முழுக் கலையும் கையில் இருக்கிறது. நோயாளியை இடப்பக்கமாகச் சரித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, கீழே உறிஞ்சும் விரிப்பைப் போட வேண்டும். இரட்டைக் கையுறை. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, ஒரே ஒரு விரல், மூச்சை வெளியே விடச் சொல்லிவிட்டு, மெதுவாக. உள்ளே தட்டுப்படுவது களிமண்ணாகவும் இருக்கும், கூழாங்கல்லாகவும் இருக்கும். கல்லை அப்படியே இழுக்கக் கூடாது, சுவர் கிழியும். நடுவில் விரலால் உடைத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். மற்றொரு கை நாடியில் இருக்கட்டும்: அந்த இடத்தைத் தொட்டால் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம், வயதானவர் மயங்கிப் போகலாம். ரொம்பக் கெட்டியென்றால் முந்தின இரவே கடலை எண்ணெய் எனிமா ஏற்றி ஊற வைப்போம். கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆகாது. எல்லாம் முடிந்து வெந்நீரில் துடைத்துவிட்டதும், ஒரு வாரமாகப் பேசாத மனிதர் காப்பி கேட்பார்.

மேலைநாட்டு மருத்துவம் இந்த விஷயத்தில் அடித்த கூத்தும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை நிபுணர், தங்கிய மலம் உடம்பு முழுவதையும் விஷமாக்குகிறது என்று நம்பி மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அதற்கு என் பாட்டியின் கரண்டியே மேல்.

இன்று பலதுறை மருந்தகத்தில் மூத்தோருக்குக் கொடுக்கும் சென்னா மாத்திரை நம்ம ஊர்ச் சரக்கு. நிலவாகை இலை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் வறண்ட காடுகளில் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, "டின்னவெல்லி சென்னா" என்ற பெயரோடு பிரிட்டிஷ் மருந்து நூலில் இடம்பிடித்தது. 1940களில் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் அதன் சத்தைப் பிரித்தெடுத்த பிறகு மாத்திரையாகித் திரும்பி வந்தது. 1932ல் இங்கே முனீஸ்வரனுக்குக் கோயில் எழுப்பிய ரயில்வேத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தண்ணீரோடு விழுங்குகிறார்கள்.

சங்கிலி இழுத்த தலைமுறைக்கு இப்போது எண்பது, தொண்ணூறு. முதியோர் அதிகமுள்ள வட்டாரங்களில் குவீன்ஸ்டவுனும் ஒன்று. பழைய வீடுகளில் குந்தும் பீங்கான்தான். குந்தினால் மலக்குழாய் நேராகும், எளிதாக இறங்கும். முழங்கால் தேய்ந்த பிறகு குந்த முடியாது. உட்காரும் பீங்கான் மாற்றியவர்களும் விழுந்துவிடுவோமோ என்று பயந்து போவதைத் தள்ளிப்போடுகிறார்கள், தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஆளுக்கு ஏழெட்டு மாத்திரை: இரும்புச்சத்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள், கோடீன் கலந்த வலி மருந்து. கோடீனும் அபினின் பிள்ளைதான். கதவு சாத்தியிருப்பதால் யாரும் கேட்பதில்லை.

போன வருஷம் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு மருமகள் ஓடிவந்தாள். "மிஸ்ஸியக்கா, மாமியாருக்கு அஞ்சு நாளா வயித்தால போகுது. கரி மாத்திரை கொடுத்தாச்சு, நிக்கல. ராத்திரியிலேர்ந்து கண்டபடி பேசுறாங்க."

போய்ப் பார்த்தேன். பேம்பர்ஸில் பழுப்புத் தண்ணீர் கசிந்திருந்தது. இடது அடிவயிற்றில் கை வைத்தால் கயிறு மாதிரி கெட்டி. தொப்புளுக்குக் கீழே இன்னொரு உருண்டை, அது சிறுநீர்ப்பை.

"கெட்டியா போய் எத்தனை நாள் ஆச்சு?"

மருமகள் பணிப்பெண்ணைப் பார்த்தாள். பணிப்பெண் மருமகளைப் பார்த்தாள்.

அது பேதி அல்ல. அடைத்த கல்லைச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து வழிந்த நீர். அதற்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். முன்னால் சிறுநீர்ப் பாதையை நசுக்கி மூத்திரத்தைக் கட்டும், மூளை குழம்பும். நாள் கடந்தால் கல் அழுத்திய இடத்தில் குடல் சுவர் புண்ணாகி ஓட்டை விழும். மலம் வயிற்றுக்குள் கொட்டிவிட்டால், அறுவை செய்தாலும் பலர் பிழைப்பதில்லை. அன்றிரவே மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூத்திரக் குழாய் போட்டார்கள், விரலால் எடுத்தார்கள், மிச்சத்தை மக்ரோகோல் தூளால் கரைத்தார்கள். அந்தத் தூளில் எட்டுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஆறு மணி நேரத்துக்குள் குடிக்க வைப்பது, அதிகபட்சம் மூன்று நாள். இது பெரியவர்களுக்கான வழக்கமான முறை. குடல் முற்றாக அடைத்திருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ இது கூடாது என்பதால் மருத்துவர் சொல்லாமல் வீட்டில் தொடங்கக் கூடாது. நாலாம் நாள் மாமியார் வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்பில் உப்பில்லை என்று மருமகளைத் திட்டினார்.

உங்கள் வீட்டில் படுக்கையில் ஒரு பெரியவர் இருந்தால் நாள்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். மூன்று நாள் கோடில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்கோ, 1976லிருந்து வீடு தேடி வரும் ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷனுக்கோ போன் செய்யுங்கள். கட்டிப்போன வயிற்றுக்கு இசப்கோல் கொடுக்காதீர்கள், அது உள்ளே ஊறி அடைப்பைப் பெரிதாக்கும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவைக் கேட்காமல் ஏற்றாதீர்கள், உயிரே போயிருக்கிறது. வாந்தி, காய்ச்சல், கல் போன்ற வயிறு என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்: 995.