குடும்பமே பள்ளியான வரலாறு

கல்வி, குடும்பம், பொதுப்பணி ஆகிய மூன்றையும் வெவ்வேறாக எண்ணிப் பழகியவர்கள் நாம். மூன்றும் ஒரே வாழ்வாகக் கலந்து நின்றமைக்குச் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் சான்றாவார்.

1886இல் சென்னையில் பிறந்த அம்மையார், பதினொரு வயதளவில் மணமுடிக்கப்பெற்று, சின்னாட்களிலேயே கைம்மை எய்தினார். மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டுமென்று ஊர் விதித்த மகளைத் தந்தையார் சுப்பிரமணிய ஐயர் படிக்க வைத்தார். எழுந்த ஏச்சைக் குடும்பம் முழுவதும் தாங்கிற்று. 1911இல் அம்மையார் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

தாம் பெற்ற பேற்றைப் பிறர்க்கும் அளிக்க விழைந்த அவர், இளங் கைம்பெண்கள் சிலரைத் தம் இல்லத்திலேயே சேர்த்துக் கல்வி புகட்டினார். தாமும் கைம்பெண்ணாகிய சிற்றன்னையார் அவர்களைப் பேணினார். தொடக்கத்தில் பிராமணச் சிறுமியருக்கென்றே அமைந்த அவ்வில்லம் வளர்ந்து, கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸை அடைந்தது. முன்னர் அமெரிக்கப் பனிக்கட்டியைக் காத்த அக்கட்டடம், பின்னர் ஆதரவற்ற பெண்களைக் காத்தது. அவர்களுட் பலர் ஆசிரியைகளாயினர்.

1922இல் தோன்றிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அம்மையாரே தலைமை தாங்கினார். குழந்தை மணத்தை எதிர்த்து வாதாடினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் பணியாற்றினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1969இல் மறைந்தார்.

அம்மையாரைப் போற்றுதல் எளிது. அத்தந்தையாரைப்போல் நிற்றலே அரிது. “ஊர் என்ன சொல்லும்?” என்னும் அச்சம், ஊரைவிட்டு வந்த நம் இல்லங்களிலும் இன்னும் எஞ்சியிருக்கிறதன்றோ?