மஞ்சள் புள்ளி சொன்ன தேதி

போலி போகிமான் அட்டையைக் கண்டுபிடிக்க சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் இரண்டு. முதலாவது டார்ச் வெளிச்சம். அசல் அட்டையின் நடுவில் ஒரு கருமையான அடுக்கு இருக்கும், அதனால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. மலிவான போலியில் பளிச்சென்று தெரியும். இரண்டாவது பூதக்கண்ணாடி. ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் ஒரு ஒழுங்கான கோலமாக விழும், வீட்டு பிரிண்டரில் அந்தக் கோலம் வராது.

இரண்டுமே அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற சோதனைகள். சரி, ஒப்பிட அசலே இல்லைன்னா?

அந்த விளையாட்டு 1996 அக்டோபரில் ஜப்பானில் கடைக்கு வந்தது. அதற்கு முன், ஆட்டம் சரியாக வருகிறதா என்று பார்க்க, உருவாக்கியவர்கள் சில மாதிரி அட்டைகளைத் தாங்களே செய்து விளையாடினார்கள். 2024-ல் அப்படிப்பட்டவை என்று சொல்லப்பட்ட அட்டைகள் சந்தைக்கு வந்தன. சிஜிசி என்ற தரச்சான்று நிறுவனம் அவற்றில் பலவற்றுக்குச் சான்று கொடுத்து பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்தது. சிலவற்றில் ஆரம்பக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்தும் இருந்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

இங்கே டார்ச்சும் பூதக்கண்ணாடியும் உதவாது. மாதிரி அட்டை என்பதே கைவேலைதான். "இது சாதாரண பிரிண்டரில் அடித்தது" என்று நீங்கள் சொன்னால், "ஆமா, அப்படித்தானே செஞ்சாங்க" என்று பதில் வரும். போலிக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

2025 ஜனவரியில் சில சேகரிப்பாளர்கள் அட்டைகளின் ஸ்கேன் படங்களைப் பெரிதாக்கி, நிறங்களை மாற்றிப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் மஞ்சள் புள்ளிகள் இருந்தன. கள்ள நோட்டு அடிப்பதைத் தடுப்பதற்காகப் பல கலர் லேசர் பிரிண்டர்களும் காப்பியர்களும் ஒவ்வொரு தாளிலும் ரகசியமாக வைக்கிற புள்ளிகள் அவை. பிரிண்டரின் எண்ணும், பல மாடல்களில் அச்சடித்த தேதியும் அதில் இருக்கும்.

ஜெராக்ஸ் டாகுகலர் பிரிண்டரின் குறியீட்டை 2005-லேயே இஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு உடைத்துவிட்டது. 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பைனரி எண். வருஷத்துக்குக் கடைசி இரண்டு இலக்கம்தான். 24 என்று எழுத 16-க்கு ஒரு புள்ளி, 8-க்கு ஒரு புள்ளி. மொத்தம் ஒற்றைப்படையாக வர வேண்டும் என்பதால் மேலே ஒரு பாரிட்டி புள்ளி. காலேஜில் படித்த அதே பாரிட்டி பிட்தான்! மற்ற கம்பெனிகளின் அமைப்பு வேறு, ஆனால் அடிப்படை இதுதான்.

அட்டைகளில் இருந்த புள்ளிகளைப் படித்தபோது, சிலவற்றில் வந்த வருஷம் 2024. 1996-க்கு முந்தியது என்று விற்ற பொருள்!

ஆபீஸில் பக் தேடும்போது நாம முதலில் பார்ப்பது லாகில் இருக்கும் நேரத்தைத்தானே. மனுஷன் சொல்லும் கதை மாறலாம், லாக் மாறாது. போலி செய்தவர் படத்தைப் பார்த்துச் செய்தார். பிரிண்டர் தன் பங்குக்கு ஒரு லாக் எழுதுகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. புள்ளி இருப்பதால் மட்டும் ஒரு அட்டை போலியாகிவிடாது, தேதிதான் முக்கியம். புள்ளி இல்லை என்பதற்காக அசல் என்றும் சொல்ல முடியாது, ஏன்னா இங்க்ஜெட் பிரிண்டர்களில் பொதுவாக இந்தப் புள்ளிகள் வராது. இந்தச் சோதனையால் பொய்யை நிரூபிக்கலாம், உண்மையை நிரூபிக்க முடியாது. சீல் வைத்த உறையும் அப்படித்தான், அது ஒருவரின் அபிப்பிராயம். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்ட பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

உங்க ஆபீஸில் கலர் லேசர் பிரிண்டர் இருந்தா ஒரு கலர் பக்கத்தை அடித்து, அதன் வெள்ளைப் பகுதியை நீல எல்இடி வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்க. இன்னைக்குத் தேதி அங்கே இருக்கலாம்.