கேரி பேக்கில் ஒரு ரோடு

ரமணாசிரமம் வழியாகப் போகும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு மறுநாள் பார்த்தால் பிளாஸ்டிக் பைகள் சிதறிக் கிடக்கும். அந்தப் பையை ரோட்டுக்குள்ளேயே போடலாம் என்று காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன்.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு ரோடு போட்டுப் பார்த்தார். விஷயம் ரொம்ப சிம்பிள். பையைப் பொடியாக நறுக்கி, சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் தார். மழைத்தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே எளிதில் புகாது, பள்ளம் விழுவது குறையும். பைக்கில் போகிறவருக்குப் பள்ளம் என்பது உயிர்ப் பிரச்னை அல்லவா! (பிவிசி மட்டும் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும்.)

2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. வியாபாரக் கணக்குப்படி ராயல்டி கேட்டிருக்கலாம். அவரோ அரசுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். பத்மஸ்ரீ வந்தது 2018-ல்தான்.