எழுநூறு கிலோ மீனும் ஒரு பதிவேடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள்.

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ கதையை உங்களில் பலருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கியூபாக் கிழவர் சாந்தியாகோ தனியாகப் படகில் போய்ப் பதினெட்டு அடி மார்லின் ஒன்றைக் கைத்தூண்டிலில் பிடிப்பார். மூன்று நாள் போராட்டம். கரைக்கு வருவதற்குள் சுறாக்கள் தின்றுவிடும், எலும்புக்கூடுதான் மிஞ்சும். ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் எழுந்து கேட்பான்: “சார், நிஜமாவே அவ்வளவு பெரிய மீன் இருக்கா?” இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். நாற்பது நிமிஷப் பீரியடில் அதற்கு மேல் முடியாது. விரிவான பதில் இதோ.

முதலில் மீனைப் பற்றி. நம் கடற்கரைகளில் மயில்மீன் என்று ஏலம் போகிறதே, முதுகில் பாய் விரித்த மாதிரித் துடுப்போடு, மூக்கு ஈட்டிபோல நீண்டு, அதற்குப் பங்காளிதான் மார்லின். மார்லினில் சில வகை உண்டு. கருமார்லின் என்ற வகையின் அறிவியல் பெயரில் ‘இண்டிகா’ என்று நம் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1832இல் வைத்த பெயர். நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் திரியும் மீன் அது. இதில் ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: மார்லினில் பெரிதாக வளர்வது பெண் மீன்தான். ஆண் 200 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆயிரம் பவுண்டு, அதாவது 454 கிலோ, எடையுள்ள மார்லின் என்றால் அது பெண் மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சாந்தியாகோ கதை முழுக்கத் தன் மீனை ஆணாக நினைத்தே பேசிக்கொண்டிருப்பார்!

இவ்வளவு பெரிய மீனைக் கம்பும் நூலும் வைத்து விளையாட்டாகப் பிடிக்கும் பழக்கம் தொடங்கியது கலிபோர்னியாவில். கரைக்கு எதிரே சாண்டா கடலினா என்று ஒரு தீவு. அங்கே வந்த பயணிகள் முரட்டுக் கயிற்றுத் தூண்டில் போட்டு மீனை மலைமாதிரிக் குவித்து, தின்ன ஆளில்லாமல் அழுகவிட்டுப் போனார்கள். சார்ல்ஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்ற இயற்கையியல் எழுத்தாளருக்கு இது பொறுக்கவில்லை. மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்றார். 1898 ஜூனில் மெல்லிய நூலும் கம்பும் கொண்டு 183 பவுண்டு (83 கிலோ) சூரை மீன் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். அது கிட்டத்தட்ட நாலு மணி நேரம் அவர் படகையே இழுத்துக்கொண்டு ஓடியதாம். அதே வருஷம் அங்கே ‘டூனா கிளப்’ பிறந்தது. இத்தனை இழைக்கு மேல் நூல் தடித்திருக்கக் கூடாது, தூண்டில்காரருக்கு வேறு யாரும் கை கொடுக்கக் கூடாது என்று விதிகள் வந்தன. (1929இல் அமெரிக்கா வந்த சர்ச்சில்கூட இந்தத் தீவில் ஒரு மார்லின் பிடித்திருக்கிறார்.)

அந்தக் காலத்து ரீலில் ஓர் ஆபத்து இருந்தது. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து பின்பக்கமாகச் சுழலும். விரலை எடுக்கத் தாமதித்தால் எலும்பு உடைந்துவிடும். 1913 வாக்கில் உள்ளேயே பிரேக் வைத்த ரீல் வந்தது. நூல் ஓடும், கைப்பிடி நிற்கும். பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் மீனைக் களைப்படைய வைக்கலாம். அதன் பிறகுதான் மனிதர்களுக்கு ஆயிரம் பவுண்டு ஆசை வந்தது. கௌபாய் நாவல்களால் பணக்காரரான ஜேன் கிரே நியூசிலாந்து, டஹிடி என்று மீன் தேடியே அலைந்தார். 1930இல் டஹிடியில் அவர் பிடித்த மார்லின் 1,040 பவுண்டு. அதுவும் சுறா கடித்துத் தின்றது போக மிஞ்சிய எடை.

சரி, இது சாதனையா இல்லையா? யார் தீர்ப்புச் சொல்வது? ஊருக்கு ஒரு விதி, ஆளுக்கு ஒரு தராசு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1939 ஜூனில் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர் மைக்கேல் லெர்னர் என்ற வணிகர். ஹெமிங்வே பின்னர் துணைத் தலைவராக இருந்தார். பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் கம்பும் ரீலும் கொண்டு பிடிக்க வேண்டும். இன்னொருவர் கை அதில் படக் கூடாது. சுறா கடித்துச் சிதைத்த மீன் செல்லாது. கரைக்குக் கொண்டுவந்து, சரிபார்த்த தராசில் தொங்கவிட்டு எடை போட வேண்டும்.

விதிகள் நியாயமானவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலி யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹெமிங்வே 1932இல் கியூபாவில் மார்லின் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கார்லோஸ் குத்தியேரஸ் என்ற மீனவர். சிறு வயது முதல் அதே தொழில். எந்த மாதத்தில் எந்த நீரோட்டத்தில் எந்த ஆழத்தில் மீன் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். 1936 ஏப்ரலில் ‘எஸ்குயர்’ பத்திரிகையில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். அதில் கார்லோஸ் சொன்னதாக ஒரு சம்பவம் வருகிறது. கபானாஸ் ஊரிலிருந்து தனியாகச் சிறு படகில் போன ஒரு கிழவர் கைத்தூண்டிலில் மார்லின் பிடிக்கிறார். அது அவரைக் கடலுக்குள் வெகு தூரம் இழுத்துப் போகிறது. மற்ற மீனவர்கள் கண்டெடுக்கும்போது அவர் அழுதுகொண்டிருக்கிறார், சுறாக்கள் படகைச் சுற்றி வருகின்றன. பாதிக்கும் குறைவாக மிஞ்சிய அந்த மீனே 800 பவுண்டு இருந்தது. பதினாறு வருஷம் கழித்து 1952இல் நாவலாக வந்தது இந்த விதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. பாதிக்குக் கீழே மிஞ்சியதே 800 என்றால் முழு மீன் 1,600 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படி ஒரு மார்லின் இன்றுவரை சங்கத்தின் பதிவேட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. கைத்தூண்டில் செல்லாது, சுறா கடித்தது செல்லாது, முழு எடையும் இல்லை. கட்டுரையில் அந்தக் கிழவருக்குப் பெயர்கூடக் கிடையாது. வாய்வழிச் செய்தியை அப்படியே நம்ப முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடல் கதையில் மீன் வளரும் என்பது நம் ஊரிலும் உண்டே! ஆனாலும் கேட்ட நாள் முதல் எனக்கு அந்த 800 மறக்கவில்லை.

இனி, பதிவேட்டில் உள்ள மீனுக்கு வருவோம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடகோடியில் காபோ பிளாங்கோ என்று ஒரு மீனவக் குப்பம் உண்டு. பின்னால் பாலைவனம், பக்கத்தில் எண்ணெய்க் கிணறுகள். கடலில் மட்டும் அப்படி ஒரு செல்வம். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் வடக்கின் வெதுவெதுப்பான நீரும் அங்கே சந்திக்கின்றன. குளிர்நீரில் நெத்திலி கோடி கோடியாக. நெத்திலியைத் தின்னச் சிறு மீன், கணவாய். அவற்றைத் தின்னக் கருமார்லின். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பணக்காரர்கள் அங்கே ஒரு கிளப் கட்டினார்கள். சேர்வதற்கே பத்தாயிரம் டாலர் என்பார்கள். அந்தப் பணத்தில் அன்று அமெரிக்காவில் வீடே வாங்கலாம்.

ஆல்ஃபிரட் கிளாசெல் ஹூஸ்டன் நகரத்து எண்ணெய் வணிகர். 1952 ஏப்ரலில் அங்கே 1,025 பவுண்டு மார்லின் பிடித்தார். சங்க விதிப்படி ஆயிரத்தைத் தாண்டிய முதல் மீன் அதுதான். அடுத்த வருஷம் 1953 ஆகஸ்ட் 4, ‘மிஸ் டெக்சாஸ்’ படகில் போனபோது இன்னொன்று மாட்டியது. தரையோடு முடுக்கிய நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் வாரை மாட்டி, கம்பின் அடியை நாற்காலிக் குழியில் ஊன்றி அவர் இழுக்க, மீன் ஓடும் திசைக்கேற்பப் படகைத் திருப்பினார்கள். நாவல் வெளியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. மீன் 49 முறை தண்ணீருக்கு மேல் துள்ளியதாம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அடங்கியது. பதினான்கரை அடி நீளம், 1,560 பவுண்டு, அதாவது 707 கிலோ. சாந்தியாகோவுக்கு மூன்று நாள், கிளாசெலுக்கு 105 நிமிஷம்! நாற்காலியும் இயந்திரப் படகும் செய்கிற வித்தியாசம் அவ்வளவு. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தோற்றவர்களும் ஏராளம்.

1956 ஏப்ரலில் ஹெமிங்வேயே காபோ பிளாங்கோ வந்தார். நாவல் படமாகிக்கொண்டிருந்தது, பெரிய மார்லின் துள்ளும் காட்சி தேவைப்பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தங்கி மீன்கள் பிடித்தும் படத்துக்கு ஏற்ற காட்சி அமையவில்லை. கடைசியில் 1958இல் வந்த படத்தில் கிளாசெலின் மீன்பிடிக் காட்சிகளைச் சேர்த்தார்கள். ஆக, கியூபாவின் பெயரில்லாத கிழவர் பிடித்த மீனுக்குத் திரையில் நடித்தது ஹூஸ்டன் வணிகர் பெருவில் பிடித்த மீன்.

அதே வருஷங்களில் பெரு நெத்திலியைப் பிடித்து அரைக்கத் தொடங்கியது. மனிதர் தின்ன அல்ல, ஐரோப்பா, அமெரிக்காவின் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக. 1960களில் எடைக்கணக்கில் உலகிலேயே அதிக மீன் பிடிக்கும் நாடானது பெரு. 1970இல் மட்டும் நெத்திலி 1 கோடியே 20 லட்சம் டன். இரண்டே வருஷத்தில் எல் நினோ வந்து கடல்நீர் சூடானதும் எல்லாம் சரிந்தது. பசிபிக்கின் நடுவே ஜப்பானியர்கள் விட்ட நீண்ட ஆயிரங்கால் தூண்டில்களில் மார்லின்களும் சேர்ந்து மாட்டின. 1968இல் ராணுவ ஆட்சி வந்தது, எண்ணெய்க் கம்பெனி அரசுடைமையானது. மீனும் குறைந்து, அமெரிக்கர் வருகையும் நின்று, கிளப்பை மூடிவிட்டார்கள்.

கிளாசெலின் சாதனை எழுபது வருஷத்துக்கு மேலாகியும் முறியவில்லை. அவர் 2008இல் 95ஆம் வயதில் காலமானார், எண் அப்படியே நிற்கிறது. அவ்வளவு பெரிய மீனே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டையில், கெய்ர்ன்ஸ் ஊருக்கு எதிரே, 1966 செப்டம்பரில் 1,064 பவுண்டுக் கருமார்லின் பிடிபட்டது. அதன் பிறகு அங்கே ஆயிரம் பவுண்டு மீன்கள் பல வந்திருக்கின்றன. கருமார்லின் முட்டையிடக் கூடும் இடம் அது. இன்று அங்கே பிடிக்கும் மீனை, அநேகமாக எல்லாவற்றையும், படகருகே கொண்டுவந்து அடையாள அட்டை குத்தித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். எடை கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான்.

சிக்கலும் இங்கேதான். எடைச் சாதனை ஏறத் தராசு வேண்டும். தராசில் ஏற்ற மீன் சாக வேண்டும். கிளாசெல் மீனைவிடப் பெரிதோ என்று சந்தேகம் வரும் மீனைப் படகோரம் வைத்துக்கொண்டு, தலைவரும் தூண்டில்காரரும் சில நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும்: கொக்கி போட்டு ஏற்றுவதா, நூலை அறுப்பதா? ஏற்றினால் பெயர் பதிவேட்டில். அறுத்தால் ஒரு தாய் மீன் கடலில். அந்த அளவில் அது தாயாகத்தானே இருக்க முடியும்? குவித்து அழுகவிடும் கொலையை நிறுத்தத்தான் ஹோல்டர் விதி போட்டார். அந்த வழியில் வந்த பதிவேடு இப்போது இனத்திலேயே பெரிய பெண்ணைக் கேட்கிறது. எனக்கு அந்த 1,560 அப்படியே நிற்கட்டும் என்றுதான் இருக்கிறது.

காபோ பிளாங்கோவில் கிளப் கட்டடம் பாழடைந்து கிடக்கிறது. குப்பம் இருக்கிறது. அந்த ஊர் மீனவர்களும் பக்கத்து எல் நியூரோ மீனவர்களும் இன்றும் பாய் விரித்த சிறு படகுகளில் போகிறார்கள். 2018இல் பெரு அரசு அவர்களுடைய பாய்மர மீன்பிடியைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. 2024இல் அந்தக் கடற்பகுதியைத் தேசியக் காப்பகத்தில் சேர்த்தது. அவர்கள் பிடிப்பது கைத்தூண்டிலில்.

கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பிடித்ததிலேயே பெரிய மீன் எது, எத்தனை கிலோ, கீழே எழுதுங்கள். பிடித்தவர் அப்பாவா, தாத்தாவா, சித்தப்பாவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.