நியுவே நினைவு நாணயங்கள்

நியுவே நினைவு நாணயங்கள் என்பவை தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியுவே தீவின் பெயரில், பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்காக வெளியிடப்படும் நாணயங்கள் ஆகும். சட்டப்படி இவை செல்லத்தக்க பணமே. ஆனால் தீவின் கடைகளில் அன்றாடம் புழங்குவது நியூசிலாந்தின் காசும் நோட்டும்தான்.

நியுவே 1974 இல் நியூசிலாந்துடன் இணைந்த தன்னாட்சி நாடானது. பரப்பளவு ஏறத்தாழ 260 சதுர கி.மீ.; மக்கள் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நாட்டுக்குத் தனி நாணயச்சாலை கட்டுப்படியாகாது. எனவே தீவின் பெயரைப் பொறிக்கும் உரிமையை வெளிநாட்டு நாணயச்சாலைகள் பெறுகின்றன. வடிவமைப்பு, வெள்ளி, விற்பனை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அரசுக்கு உரிமத்தொகை கிடைக்கும்.

நாட்டின் பெயர் எதற்கு? பெயரும் மதிப்பும் இல்லாத வெள்ளி வட்டு வெறும் பதக்கம். அவை பொறிக்கப்பட்டால் அது நாணயமாகி, சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் இடம்பெறுகிறது.

1987 ஆம் ஆண்டின் ஐந்து டாலர் நாணயத்தில் செருமானிய டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் இருந்தார். 2011 இல் வந்த ஸ்டார் வார்ஸ் வரிசையே உலகச் செய்தியானது. ஒரு பக்கம் இரண்டாம் எலிசபெத் அரசி, மறுபக்கம் டார்த் வேடர் முதலிய திரைப்படப் பாத்திரங்கள். அதிலிருந்த வெள்ளி நாணயத்தின் முகமதிப்பு இரண்டு டாலர். அதிலுள்ள ஒரு அவுன்சு வெள்ளியின் அன்றைய விலையோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அதைக் கொடுத்து யாரும் ரொட்டி வாங்கப்போவதில்லை.

முகமதிப்பைக் குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. பிரித்தானிய அரச நாணயச்சாலை 2015 இல் நூறு பவுண்டு வெள்ளி நாணயத்தை நூறு பவுண்டுக்கே விற்றது. பலர் கடனட்டையில் வாங்கிச் சலுகைப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, நாணயங்களை வங்கியில் செலுத்த முயன்றனர். வங்கிகள் வாங்க மறுத்தன. 'செல்லத்தக்க பணம்' என்ற சொல், எல்லோரும் ஏற்றாக வேண்டும் என்ற பொருள் தருவதில்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நியுவே வெளியீடுகளில் கடல் சார்ந்தவையும் உண்டு. 2014 முதல் வந்த 'டாக்கு' என்னும் அழுங்காமை நாணயம் சேகரிப்பாளர்களிடையே பெயர்பெற்றது. அதே ஆமை முந்தைய ஆண்டுகளில் பிஜி நாட்டின் பெயரில் வெளிவந்துகொண்டிருந்தது.