தனிமையும் தனியிடமும்: மலையக மருத்துவ வரலாற்றில் இளம் உள்ளத்தின் இடம்

மலையகத் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அங்கு நோய் தொடக்கம் முதலே உழைப்பின் கணக்கோடு சேர்த்து எண்ணப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் சிகிச்சையைக் கருதி 1872 இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912 இல் புதிய சட்டம் அதனைத் தொடர்ந்தது. இவற்றால் விளைந்த பயன் சிறிதன்று. எனினும், வேலைக்குத் திரும்பக்கூடிய உடலே இவ்வேற்பாட்டின் அக்கறையாக இருந்தது. நோயுற்றவரின் உள்ளம் அதன் நோக்கெல்லைக்குள் வரவில்லை.

தனிமைப்படுத்தலும் இம்மக்களுக்குப் புதிதன்று. இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமிலே தொழிலாளர் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையெனக் கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். 1918-1919 இன்புளுவென்சாக் கொள்ளைநோயில் இலங்கை ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்களை இழந்தது என்பது பிற்கால ஆய்வாளரின் மதிப்பீடு. உலகெங்கணும் அந்நோய் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே பெரிதும் கவர்ந்து சென்றது. இறந்தோரை எண்ணுதற்கு முறையிருந்தது. எஞ்சியோரின் துயரை அளத்தற்கு முறையிருக்கவில்லை.

உலக மருத்துவமும் இத்துறையில் பிந்தியே விழித்தது. 1977 இல் ஜிம்மி ஹொலண்ட் என்னும் மருத்துவர், நியூயோர்க் மெமோரியல் சுலோன் கெற்றரிங் நிலையத்திலே புற்றுநோயாளருக்கான உளமருத்துவச் சேவையை நிறுவினார். 1990 இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பதின்ம வயதினருக்கெனத் தனி விடுதி திறக்கப்பட்டது. கல்வி, நட்பு, தொழில், காதல் ஆகியன உருப்பெறும் பருவத்திலே புற்றுநோய் இளைஞனை மீண்டும் குழந்தைபோற் பிறர் கையை எதிர்பார்க்கச் செய்கின்றது. அவனுடைய துயர் குழந்தையின் துயருமன்று, முதியோரின் துயருமன்று என்பதே இம்முயற்சிகள் உணர்த்திய உண்மை.

இப்பின்னணியிலேயே 2020 ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்றென அறிவித்தது. மார்ச் 20 முதல் இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கெசல்கமுவ ஓயாப் பள்ளத்தாக்கில் அமைந்த பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாகவே அட்டனை அடைதல் வேண்டும். டிக்கோயா வைத்தியசாலைக்கு 2017 இல் 150 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் கிடைத்தது. ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ செல்லவேண்டும். 2021 மே மாதத்தில் மாகாணங்களுக்கிடையிலான பயணம் தடுக்கப்பட்டபோது, நோயாளிக்கு அனுமதி உண்டெனினும் பேருந்து இல்லை. நாட்கூலிக் குடும்பத்திற்கு வாடகை வாகனம் எளிதன்று.

புற்றுநோய் மருந்து வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதால், அந்நோயாளர் பெருந்தொற்றுக்கு முன்பே கூட்டத்தை விலக்கி வாழ்ந்தவர்கள். பாடசாலைகள் மூடப்பட்டமை ஏனைய மாணவருக்கு முதல் தனிமை, இவர்களுக்கோ இரண்டாவது. காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு விரைதல் அவர்கள் கற்ற விதி. இப்போது அதே காய்ச்சல் தொற்றின் ஐயத்தையும் எழுப்பியது. காக்கும் இடமே அஞ்சும் இடமாயிற்று. தோட்டவேலையோ நிற்கவில்லை. பெற்றோர் மலைக்குச் சென்று அதே லயன் அறைக்குத் திரும்பினர். நண்பரைப் பிரிந்த தனிமை அங்கே இருந்தது. ஒதுங்கி இருப்பதற்கோ, அழுவதற்கோ ஒரு தனியிடம் இருக்கவில்லை. மலையக இளம் நோயாளரின் உளநிலையை விளங்கிக்கொள்ளுதற்கு இம்முரண்பாடே திறவுகோல் எனலாம்.

இன்னுமொன்று மனங்கொள்ளத்தக்கது. கதிர்வீச்சுக் கருவிக்கு மொழி வேண்டியதில்லை. உளச்சிகிச்சைக்கோ மொழியே கருவி. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சேவையைச் சமூகத்தின் அருகே கொண்டுசெல்ல முனைந்தது. இவ்விரண்டும் சந்திக்கவேண்டிய இடம், புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தமிழிற் பேசக்கூடிய ஓர் உளவளத்துணையாளரின் நாற்காலியே. அந்நாற்காலி நிரப்பப்படுமாயின், 1872 இல் தொடங்கிய கணக்கு முதன்முறையாக உடலைக் கடந்து மனிதரை எண்ணத் தொடங்கும்.